கம்பளி மூட்டையும் கவிஞரின் பேத்தியும்: சஃபோக் பட்டத்தின் கதை

இங்கிலாந்தின் பழம்பெரும் பிரபுக் குடும்பங்கள் தம் குடிப்பெருமையைப் பேசத் தொடங்கினால், அப்பேச்சு பெரும்பாலும் 1066ஆம் ஆண்டிலிருந்துதான் தொடங்கும். நார்மண்டியிலிருந்து கடல் கடந்து வந்த வில்லியம் மன்னரின் படையில் தம் முன்னோர் ஒருவர் குதிரையேறி வந்தார் என்று காட்ட முடிந்தால் போதும். அதுவே அந்நாட்டில் உயர்குடிப் பிறப்புக்கு உரைகல்லாக விளங்கியது. அப்படிக் காட்டுவதற்கு முன்னோர் ஒருவரும் இல்லாத குடும்பம் ஒன்று, ஆட்டு மயிர் விற்ற செல்வத்தைக் கொண்டு இரண்டாம் தலைமுறையில் ஏர்ல் பட்டம் பெற்றது. நான்காம் தலைமுறையில் டியூக் பட்டம் பெற்றது. ஆறாம் தலைமுறையில் அரியணைக்கு அடுத்த இடத்தில் நின்றது. அத்தலைமுறையோடு ஆண்வழியற்று அழிந்தும் போயிற்று. டி லா போல் என்பது அக்குடும்பத்தின் பெயர். சஃபோக் என்பது அது தாங்கிய பட்டம்.

கவிதை அன்பர்கள் இக்குடும்பத்தின் வரலாற்றை அறிந்துகொள்வதற்குத் தனிக் காரணம் ஒன்று உண்டு. ஆங்கிலக் கவிதையின் தந்தை என்று போற்றப்பெறும் ஜெஃப்ரி சாசரின் மகன்வழிப் பேத்தி இக்குடும்பத்திற்கு மருமகளாக வந்தார். அவருடைய பேரனே அரியணையின் அருகில் நின்றவர். கேன்டர்பரிக் கதைகளைப் பாடிய கவிஞரின் எள்ளுப்பேரன் இங்கிலாந்தின் மன்னராகும் வாய்ப்பு 1485ஆம் ஆண்டில் மெய்யாகவே இருந்தது என்பதைச் சாசரைப் பயில்வோர் பலரும் அறிவதில்லை.

ஹல் துறைமுகத்து வணிகர்

இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில், ஹம்பர் ஆற்றுக் கழிமுகத்தை ஒட்டி, ஹல் என்னும் துறைமுகம் அமைந்துள்ளது. முதலாம் எட்வர்டு மன்னர் 1293இல் அவ்விடத்தைத் துறவியர் மடம் ஒன்றிடமிருந்து பெற்று, மன்னர் நகர் என்று பொருள்படும் பெயரையும் அதற்குச் சூட்டினார். அந்நாளில் இங்கிலாந்தின் செல்வம் ஆட்டின் முதுகில் விளைந்தது. கென்ட், ஈப்ர், புரூஜ் முதலிய ஃபிளாண்டர்ஸ் நாட்டு நெசவு நகரங்கள் ஆங்கிலக் கம்பளி மயிரை நம்பி வாழ்ந்தன; அம்மயிரின்மீது விதித்த சுங்கத்தை நம்பி ஆங்கில மன்னர்கள் போர் புரிந்தனர். பிரபுக்கள் அவையின் தலைவர் இன்றளவும் கம்பளி திணித்த சிவப்பு மெத்தையின்மீதுதான் அமர்கிறார். மூன்றாம் எட்வர்டு காலத்து மரபு அது என்பர்.

ஹல் நகரில் ரிச்சர்டு, வில்லியம் என்னும் உடன்பிறந்தார் இருவர் கம்பளியும் மதுவும் விற்றுப் பொருளீட்டினர். இவர்களுடைய தந்தை யார் என்பதை வரலாற்றாசிரியர்களால் இன்றுவரை உறுதிப்படுத்த இயலவில்லை. வில்லியம் அந்நகரின் முதல் மேயராகவும் விளங்கினார். மூன்றாம் எட்வர்டு பிரெஞ்சு அரியணைக்கு உரிமை கோரி நூற்றாண்டுப் போரைத் தொடங்கியபோது, படை திரட்டவும் நட்பு மன்னர்களுக்கு அள்ளிக் கொடுக்கவும் அவருக்குப் பெரும்பணம் வேண்டியிருந்தது. இத்தாலிய வட்டிக்கடைகள் கொடுத்தன. அவற்றுள் பெரிய இரண்டு நொடித்தும் போயின. வில்லியம் டி லா போல் 1338ஆம் ஆண்டின் நடுப்பகுதி முதல் மறு ஆண்டின் பிற்பகுதிக்குள் மன்னருக்குத் திரட்டித் தந்த கடன் ஒரு லட்சம் பவுனுக்கும் மேற்பட்டது. அமைதிக் காலத்து ஓராண்டு அரச வருவாயை அத்தொகை விஞ்சி நின்றது. இதற்குக் கைம்மாறாக நிலங்களும் பதவியும் கிடைத்தன. 1340 நவம்பர் இறுதியில் போர்க்களத்திலிருந்து வெறுங்கையோடு திடுமெனத் திரும்பிய மன்னர், அவரைச் சிறையிலும் தள்ளினார். கடன் கொடுத்தவரைக் கைது செய்வது, கடன்பட்டவருக்கு எக்காலத்திலும் எளிய வழியே. ஈராண்டுகளில் விடுதலை பெற்ற வில்லியம் மீண்டும் மன்னருக்கே கடன் கொடுத்தார் என்பதுதான் வியப்பு. 1366இல் இறந்தபோது அவர் ஒரு பெருவணிகர், பெருநிலக்கிழார். ஆனால் பிரபு அல்லர்.

1386

பிரபுவானவர் அவருடைய மகன் மைக்கேல். அவர் கடையில் அமர்ந்தவர் அல்லர். இளமை தொட்டுப் பிரெஞ்சுப் போர்களில் வாள் பிடித்தவர். சஃபோக் மாவட்டத்து விங்ஃபீல்டு என்னும் ஊரின் உரிமைக்காரியை மணந்து அவ்வூரைப் பெற்றார். இளம் மன்னர் இரண்டாம் ரிச்சர்டுக்குப் பொஹீமியா நாட்டு ஆன் என்பவரை மணம் பேசி முடிப்பதில் பங்கு கொண்டார். 1383இல் நாட்டின் சான்சலர் ஆனார். சஃபோக் ஏர்ல் பட்டம் 1337 முதல் அஃபோர்டு என்னும் குடும்பத்தின் கையில் இருந்தது. 1382இல் அக்குடும்பம் மக்கட்பேறின்றி முடியவே, 1385இல் அப்பட்டத்தை மன்னர் மைக்கேலுக்கு வழங்கினார்.

பழைய குடும்பங்களால் இதைப் பொறுக்க முடியவில்லை. செயின்ட் ஆல்பன்ஸ் மடத்துத் துறவியான வரலாற்றேட்டாசிரியர் தாமஸ் வால்சிங்கம், இவர் போரைவிட வாணிகத்திற்கே பொருந்தியவர் என்று இகழ்ந்தெழுதினார். பிரெஞ்சுப் போரில் வெள்ளி முடி தரித்தவரை அவர் தந்தையின் தராசைக் கொண்டு எடைபோட்டது அந்தக் காலம். 1386 அக்டோபரில் கூடிய நாடாளுமன்றம் அவரை நீக்கக் கோரியது. அவர்கள் கேட்கிறார்கள் என்பதற்காகத் தம் அடுக்களை வேலையாளைக்கூட நீக்கப்போவதில்லை என்று பத்தொன்பது வயது மன்னர் விடை விடுத்ததாக ஓர் ஏடு கூறுகிறது. இறுதியில் மன்னர் பணிய நேர்ந்தது. சான்சலர் பதவி பறிக்கப்பட்டு, அவையின் முன் மைக்கேல் குற்றம் சாட்டப்பட்டார்.

அதே அவையில், கென்ட் மாவட்டத்தின் உறுப்பினராக ஜெஃப்ரி சாசர் அமர்ந்திருந்தார். அவர் வாழ்நாளில் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தது இந்த ஒரு முறைதான். 1374 முதல் லண்டன் துறைமுகத்தில் கம்பளிச் சுங்கக் கணக்கின் கண்காணிப்பாளராகப் பணியாற்றி வந்தவர் அவர். பகலெல்லாம் கம்பளி மூட்டைகளை எண்ணி ஏட்டில் பதிந்துவிட்டு, இரவில் கவிதை எழுதியவர். வாழ்நாள் உரிமையோடு சுங்கப் பதவி வகிப்போரை நீக்க வேண்டும் என்று அதே நாடாளுமன்றம் விண்ணப்பித்தது. அவ்வாண்டு டிசம்பரில் சாசரின் சுங்கப் பணியும் முடிவுற்றது. அவையில் மைக்கேலைப் பற்றிக் கவிஞர் வாய் திறந்ததாகப் பதிவு ஏதும் இல்லை. அவமானப்பட்டு நின்ற அம்மனிதரின் பேரனுக்குத் தம் பேத்தி மனைவியாவார் என்று அன்று அவரிடம் யாரேனும் சொல்லியிருந்தால், அவருடைய கதைகளில் வரும் மாந்தரைப் போல நகைத்திருப்பார்.

மைக்கேல் 1387இல் கடல் கடந்து தப்பினார். மறு ஆண்டில் கூடி, இரக்கமற்ற நாடாளுமன்றம் எனப் பெயர் பெற்ற அவை, அவர் இல்லாமலே அவருக்கு மரண தண்டனை விதித்தது. 1389இல் பாரிசில் இறந்தார். பட்டத்தை மீட்க மகனுக்குப் பத்தாண்டு பிடித்தது. மீட்ட அந்த மகன், இரண்டாம் ஏர்ல், 1415 செப்டம்பரில் ஆர்ஃப்ளர் கோட்டை முற்றுகையில் வயிற்றுக்கடுப்பால் மாண்டார். அவருடைய மூத்த மகன், மூன்றாம் ஏர்ல், சில வாரங்களில், அக்டோபர் 25 அன்று, அஜின்கோர்ட் போர்க்களத்தில் வீழ்ந்தார். பத்தொன்பதே வயதான இரண்டாம் மகன் வில்லியம் நான்காம் ஏர்ல் ஆனார்.

ஆலிஸ்

சாசர் என்ற சொல் செருப்புத் தைப்பவரைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. கவிஞரின் தந்தை லண்டனில் மது வணிகர். கவிஞர் இளமையில் பிரான்சில் போர்க்கைதியானபோது அவரை மீட்க மன்னர் கொடுத்தது 16 பவுன். ஆனால் அவர் மனைவி ஃபிலிப்பாவின் உடன்பிறந்தாள் கேத்தரின், மன்னரின் மகனான காண்ட் ஜானுக்குக் காதற்கிழத்தியாகி, பின்னர் 1396இல் முறைப்படி மனைவியும் ஆனார். இதனால் கவிஞரின் மகன் தாமஸ் சாசர், போஃபோர்ட் என்னும் அரச கிளைக் குடும்பத்தின் சிற்றன்னை மகனானார். ஐந்து முறை மக்களவைத் தலைவராக வீற்றிருந்தார். மனைவி வழியில் ஆக்ஸ்ஃபோர்டு மாவட்டத்து யூவெல்ம் என்னும் சிற்றூர் அவருக்கு வாய்த்தது. அவருடைய மகளே ஆலிஸ். பிறந்தது 1404ஐ ஒட்டி, பாட்டனார் மறைந்து நான்காண்டுகளின் பின்.

ஆலிசின் மணவாழ்க்கையைப் போர் எழுதியது எனலாம். சிறுமியாக இருந்தபோதே மணந்த முதல் கணவர் ஜான் ஃபிலிப் 1415இல், ஆர்ஃப்ளர் முற்றுகையில் இறந்தார். இரண்டாம் கணவர் சாலிஸ்பரி ஏர்ல் தாமஸ் மாண்டக்யூட் 1428இல் ஆர்லியன்ஸ் முற்றுகையில் பீரங்கிக் குண்டுபட்டு மடிந்தார். அவருக்குப் பின் அம்முற்றுகையின் தலைமையை ஏற்ற தளபதிகளுள் முதன்மையானவர் வில்லியம் டி லா போல். ஜோன் ஆஃப் ஆர்க் என்னும் இளம்பெண் அம்முற்றுகையை உடைத்தார். 1429 ஜூன் 12 அன்று ஜார்ஜோ என்னும் ஊரில் வில்லியம் சிறைப்பட்டார். தம்மைப் பிடித்தவன் வீரப்பட்டம் பெறாத இளைஞன் என்றறிந்து, அவ்விடத்திலேயே அவனுக்கு அப்பட்டத்தை வழங்கிய பின்னரே சரணடைந்தார் என்று கதை வழங்குகிறது. வணிகரின் கொள்ளுப்பேரன் பிரபுக்குல மரியாதையைப் பிரபுக்களினும் கூடுதலாகப் பேணினார் போலும். மீட்புத் தொகை 20,000 பவுன் என்று அவரே பின்னர்க் கூறினார். திரும்பி வந்து, 1430இல் ஆலிசை மணந்தார்.

பிடிபட்டவர் விரைவில் பிறரைக் காவல் செய்யும் நிலைக்கு வந்தார். அஜின்கோர்ட் போரில் பிடிபட்ட ஆர்லியன்ஸ் டியூக் சார்ல்ஸ் 25 ஆண்டுகள் இங்கிலாந்தில் கைதியாக இருந்தவர். பிரெஞ்சு மொழியின் சிறந்த கவிஞர்களுள் ஒருவர். சிறையிலிருந்தவாறே ஆங்கிலத்திலும் அவர் கவிதை புனைந்தார். 1432 முதல் 1436 வரை அவர் சஃபோக் பிரபுவின் பொறுப்பில் இருந்தார். அவ்வீட்டின் தலைவியோ சாசரின் பேத்தி. வில்லியம் பிரபுவும் கவிதை எழுதியவர் என்று சொல்லி, ஆக்ஸ்ஃபோர்டிலுள்ள ஒரு கையெழுத்துச் சுவடியின் பாடல்கள் சிலவற்றை அவருக்கு உரிமையாக்கிய ஆய்வாளர்கள் உண்டு, மறுத்தோரும் உண்டு. பாடல்கள் எவருடையனவாயினும், கைதியும் காவலரும் ஒரே கூடத்தில் காதற்பாட்டு மரபைப் பேசியிருக்கக்கூடிய அந்த நான்காண்டுகள், இரு மொழிக் கவிதை வரலாற்றிலும் எண்ணிப் பார்க்கத்தக்கவை. ஆலிஸ் வெறுமனே கவிஞர் பெயரைச் சுமந்தவர் அல்லர். 1466இல் விங்ஃபீல்டிலிருந்து யூவெல்முக்குக் கொண்டுவரப்பட்ட அவருடைய நூல்களின் பட்டியலில், கிறிஸ்டின் த பிசான் பெண்குலத்தின் பெருமை பேசி எழுதிய ‘பெண்களின் நகரம்’ என்னும் பிரெஞ்சு நூலும் காணப்படுகிறது.

வீழ்ச்சி

ஆறாம் ஹென்றி மென்மையானவர், ஆளத் தெரியாதவர். அவருடைய ஆட்சியில் வில்லியமின் கை ஓங்கியது. 1444இல் தூர் நகரில் பிரான்சோடு போர்நிறுத்தம் பேசி, அஞ்சூ நாட்டு மார்கரெட்டை மன்னருக்கு மணம் முடித்தார். மணவினையில் மன்னருக்குப் பதிலாளாக நின்றவரும் அவரே. பதினைந்து வயது மணமகளை அழைத்து வரச் சென்றோருள் ஆலிசும் ஒருவர். 1444இல் மார்க்குவிஸ், 1448இல் டியூக் எனப் பட்டங்கள் அடுத்தடுத்து வந்தன.

அந்த அமைதிக்கு விலையாக மேன் என்னும் மாநிலம் பிரான்சுக்குக் கொடுக்கப்பட்டது. அதற்கு எழுத்தில் வாக்குத் தந்தவர் மன்னரே. 1445 டிசம்பரில் அவர் எழுதிய மடலே சான்று. பழி முழுவதும் வில்லியமின் தலையில் விழுந்தது. 1449 அக்டோபரில் ரூவான் நகர் வீழ்ந்தது. மறு ஆண்டு ஆகஸ்டுக்குள் நார்மண்டி முழுவதும் கைவிட்டுப் போயிற்று. அவர் பேராசையற்றவர் என்று வாதிட முடியாது; கிழக்கு ஆங்கிலியாவில் அவருடைய ஆட்கள் செய்த நில அபகரிப்புகளைப் பாஸ்டன் குடும்பக் கடிதங்கள் பக்கம் பக்கமாகச் சொல்கின்றன. ஆனால் அயல்நாட்டுக் கொள்கையைப் பொறுத்தவரை, மன்னரைக் குற்றம் சொல்ல முடியாத நாட்டில் அமைச்சர் குற்றவாளியானார் என்பதே பொருந்தும். அரசியின் காதலர் என்று பிற்காலத்தார் சொன்னதற்கும், ஷேக்ஸ்பியர் தம் ஆறாம் ஹென்றி நாடகத்தில் அதை நாடகமாக்கியதற்கும் சமகாலச் சான்று ஏதும் இல்லை.

1450 தொடக்கத்தில் நாடாளுமன்றம் அவர்மீது தேசத்துரோகம் சாட்டியது. சாட்டப்பட்டவற்றுள் ஒன்று, தம் ஏழு வயது மகன் ஜானுக்கு மார்கரெட் போஃபோர்ட் என்னும் அரசகுலச் சிறுமியை மணமுடித்து அவனை அரியணையேற்றத் திட்டமிட்டார் என்பது. திருமணம் நடந்தது உண்மை; 1453இல் அது செல்லாததாக்கப்பட்டது. அச்சிறுமி பின்னர் எட்மண்ட் டியூடரை மணந்து பெற்ற பிள்ளையே ஏழாம் ஹென்றி. முதல் மணம் நிலைத்திருந்தால் டியூடர் மரபு தோன்றியிராது.

மன்னர் அவரை ஐந்தாண்டு நாடு கடத்தினார். ஏப்ரல் 30 அன்று, கப்பலேறும் வேளையில், மகனுக்கு ஒரு கடிதம் எழுதினார். கடவுளுக்கு அஞ்சு, மன்னருக்கு உண்மையாயிரு, தாயின் சொல்லைத் தட்டாதே, செருக்கரையும் பேராசைக்காரரையும் முகத்துதி செய்வோரையும் அண்டவிடாதே என்னும் சாரம் கொண்டது அது. ஆங்கில உரைநடையின் தொடக்க கால மடல்களுள் நெஞ்சைத் தொடுவது. டோவர் அருகே ‘நிக்கலஸ் ஆஃப் த டவர்’ என்னும் கப்பல் அவரை வழிமறித்தது. துரோகியே வருக என்று வரவேற்றனர். மே 2 அன்று ஒரு சிறு படகின் விளிம்பில், துருவேறிய வாளால் ஆறேழு வெட்டில் தலையைத் துண்டித்தனர். உடலை டோவர் மணலில் எறிந்தனர். இச்செய்தியைப் பாஸ்டன் குடும்பத்துக்கு எழுதி அனுப்பியவர், தம் மடலைக் கண்ணீரால் நனைத்துவிட்டதாகக் குறிப்பிடுகிறார். அக்கொலைக்காகத் தங்கள் மாவட்டம் பழிவாங்கப்படும் என்று அஞ்சிய கென்ட் மக்கள், சில வாரங்களில் ஜாக் கேட் என்பவர் தலைமையில் கிளர்ந்தெழுந்தனர்.

கைம்பெண்ணான ஆலிஸ்மீதும் துரோகக் குற்றம் சாட்டப்பட்டது. தப்பினார். அதன்பின் அவர் ஆடிய ஆட்டம் கணவரினும் நுட்பமானது. காற்று மாறுவதை அறிந்து, லங்காஸ்டர் மரபை விட்டு யார்க் மரபின் பக்கம் சாய்ந்தார். 1458க்குள் மகன் ஜானுக்கு யார்க் டியூக் ரிச்சர்டின் மகள் எலிசபெத்தை மணமுடித்தார். 1461இல் மணமகளின் அண்ணன் நான்காம் எட்வர்டு மன்னரானார். சஃபோக் குடும்பம் மன்னரின் சம்பந்தியானது. 1465இல் பாஸ்டன் குடும்பத்தின் ஹெல்ஸ்டன் மாளிகையை இளம் டியூக்கின் ஆட்கள் இடித்துச் சூறையாடினர், தேவாலயத்தையும் விடவில்லை. ‘பெண்களின் நகர’த்தை வாசித்த கையும் நிலத்துக்காக நீண்ட கையும் ஒன்றே. அவருக்கு வாய்த்த முரண்களுள் பெரியது 1470களில் நேர்ந்தது: தோற்றுக் கைதியான அரசி மார்கரெட், வாலிங்ஃபோர்டு கோட்டையில் ஆலிசின் காவலில் வைக்கப்பட்டார். முன்னர் மணமகளாக அழைத்து வந்தவர் இப்போது சிறைக்காவலர். 1475இல் ஆலிஸ் இறந்தார்.

வெள்ளை ரோஜா

இரண்டாம் டியூக் ஜான் அதிகம் பேசப்படாதவர். அமைதியாக வாழ்ந்து 1492இல் படுக்கையில் இறந்தார். அக்குடும்பத்தில் அது அரிய பேறு. அவருடைய மூத்த மகன், லிங்கன் ஏர்ல் ஜான், மூன்றாம் ரிச்சர்டின் மருமகன். அதாவது தங்கை மகன் அல்ல, தமக்கை மகன். 1484இல் ரிச்சர்டின் ஒரே மகன் இறந்தபின் மன்னரின் வாரிசாக அவரே கருதப்பட்டார். 1485 ஆகஸ்ட் 22 அன்று பாஸ்வொர்த் களத்தில் ரிச்சர்டு வீழ்ந்தார். புதிய மன்னர் ஏழாம் ஹென்றிக்கு முதலில் பணிந்த லிங்கன், 1487இல் லாம்பர்ட் சிம்னல் என்னும் போலி இளவரசனை முன்னிறுத்திப் படை திரட்டி, ஜூன் 16 அன்று ஸ்டோக் போர்க்களத்தில் உயிரிழந்தார்.

எஞ்சிய தம்பியர்க்கு அரச ரத்தமே நஞ்சாயிற்று. எட்மண்டுக்கு டியூக் பட்டம் மறுக்கப்பட்டு, 1493இல் ஏர்ல் பட்டமே எஞ்சியது. நாட்டை விட்டு ஓடிய அவரை, புயலில் ஆங்கிலக் கரை ஒதுங்கிய பர்கண்டி ஃபிலிப்பை நெருக்கி, 1506இல் ஏழாம் ஹென்றி பெற்றுக்கொண்டார். உயிருக்குத் தீங்கில்லை என்ற வாக்கோடு. எட்டாம் ஹென்றி 1513இல் அவர் தலையை வாங்கினார். வில்லியம் என்னும் தம்பி குற்றம் ஏதும் மெய்ப்பிக்கப்படாமலே லண்டன் கோபுரத்தில் ஏறத்தாழ 37 ஆண்டுகள் கிடந்து, 1539இல் மடிந்தார். ‘வெள்ளை ரோஜா’ எனப்பட்ட ரிச்சர்டைப் பிரெஞ்சு மன்னர் பன்னிரண்டாம் லூயி இங்கிலாந்தின் உரிமை மன்னராக ஏற்றுக்கொண்டார். அந்த லூயி வேறு யாருமல்லர். சஃபோக் வீட்டில் கைதியாயிருந்த கவிஞர் சார்ல்சின் மகன். காவலரின் கொள்ளுப்பேரனைப் போன்ற தொலைவும் அன்று. சொந்தப் பேரனுக்குக் கைதியின் மகன் அடைக்கலம் தந்தார். 1525 பிப்ரவரி 24 அன்று, பாவியாப் போரில், பிரெஞ்சுப் படையில் நின்று ரிச்சர்டு இறந்தார். செய்தி கேட்டு லண்டனில் தீமூட்டிக் கொண்டாடினர். சஃபோக் டியூக் பட்டமோ, 1514இலேயே எட்டாம் ஹென்றியின் தோழர் சார்ல்ஸ் பிராண்டனிடம் போய்விட்டிருந்தது.

யூவெல்ம் தேவாலயத்தில் ஆலிசின் கல்லறை இருக்கிறது. மேலே முடி தரித்த பளிங்கு உருவம். இடக்கை முன்கையில் கார்ட்டர் வீரப்பட்டத்தின் பட்டை. பெண்கள் அதை எங்கே அணிவது என்று அறிய விக்டோரியா அரசியின் ஆட்கள் இச்சிலையைப் பார்த்துச் சென்றதாகச் சொல்வர். கீழே, கல் வலைப்பின்னலுக்குள், சதை வற்றிய முதிய பெண்ணின் பிணவுருவம். அதன் கண்கள் நோக்கும் மேற்பலகையின் அடிப்புறத்தில் ஓவியம் தீட்டியிருக்கிறார்கள். தரையில் படுத்தால்தான் பார்வையாளர் கண்ணுக்கு அது தெரியும். தேவாலயத்தை ஒட்டி, 1437இல் கணவனும் மனைவியும் பதின்மூன்று ஏழை முதியோர்க்காகக் கட்டிய செங்கல் இல்லமும், சிறுவர் பள்ளியும் உள்ளன. எட்மண்டின் சொத்துகள் பறிபோனபோதும் இவை தப்பின. முதலாம் ஜேம்ஸ் மன்னர் அவ்வில்லத்தின் தலைமைப் பொறுப்பை ஆக்ஸ்ஃபோர்டுப் பல்கலைக்கழக மருத்துவப் பேராசிரியரிடம் ஒப்படைத்தார். இல்லத்தில் இன்றும் முதியோர் வாழ்கின்றனர். பள்ளியில் ஊர்ப் பிள்ளைகள் படிக்கின்றனர்.